விளக்கின் மேல் டேப் ஒட்டியதும் ஸ்மார்ட் மூக்குக்கண்ணாடி படம் எடுக்க மறுக்கிறதா?

டேப்பைப் பிரித்துவிடுங்கள், படம் எடுக்கும். கேமரா பழுதாகவில்லை. 2023-இல் வந்த ரே-பான் மெட்டா என்ற ஸ்மார்ட் மூக்குக்கண்ணாடியில், படம் எடுக்கும்போது எரியும் முன்பக்க எல்ஈடி விளக்கை மறைத்தால் படம் எடுக்காது. எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

பிரித்தும் சரியாகவில்லை என்றால் பசை மிச்சம் இருக்கலாம். மெல்லிய துணியால் துடைத்து, விளக்கை முடியோ தொப்பியோ மறைக்காமல் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள்.

விளக்கைப் பார்த்து எல்லாரும் உங்கள் அப்பாவை முறைக்கிறார்கள், அதனால்தான் டேப் ஒட்டினோம் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது. பார்வை குறைந்தவருக்குக் கடிதம் வாசித்துக் காட்டும் கருவி அது. "வாசிக்க வைத்திருக்கிறேன்" என்று அவரே முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஏஐயிடம் வாசிக்கச் சொல்லும்போது படம் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கையை நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்.