பந்தைப் பின்னாலிருந்து கட்டி ஆடுவது: கோச்சுகளின் கேள்விகள்

கேள்வி: 13 வயதுப் பையன்களுக்குக் கால்பந்துப் பயிற்சி தருகிறேன். டிஃபெண்டர்கள் பந்து காலில் பட்டதும் எங்காவது முன்னால் அடித்துவிடுகிறார்கள். கீப்பரிடமிருந்து பாஸ் பாஸாகப் பந்தை முன்னால் கொண்டுபோகப் பழக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிற்கும் விதத்திலிருந்து. கோல்கீப்பரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு பந்து வாங்கும் பையனுக்கு, முதுகுப்பக்கம் நடப்பது எதுவும் தெரியாது. பயத்தில் அடிக்கத்தான் செய்வான். உங்கள் வலது சென்டர் பேக்கை (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் இரண்டு டிஃபெண்டர்களில் வலப்பக்கத்தவரை) பக்கவாட்டுக் கோட்டுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். இப்போது ஒரு பக்கம் கீப்பர், மறுபக்கம் மொத்த மைதானமும் கண்ணில் படும். பாஸ் அவனுடைய வலது காலுக்கு, அதாவது கீப்பருக்குத் தூரமான காலுக்கு வரவேண்டும். முதல் தொடுதலிலேயே பந்து முன்னோக்கித் திரும்பிவிடும். பந்து உருண்டு வரும்போதே ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்ப்பதையும் பழக்குங்கள்.

அப்புறம் ஆட்டமாகவே விடுங்கள். கீப்பர், இரண்டு சென்டர் பேக், ஒரு மிட்ஃபீல்டர் ஒரு பக்கம். எதிரே இரண்டு ஸ்ட்ரைக்கர். சுமார் 30 மீட்டர் தள்ளிக் கூம்பு வைத்து இரண்டு வாசல்கள். அதன் வழியே பந்தை அனுப்பினால் ஒரு புள்ளி. ஸ்ட்ரைக்கர் பறித்தால் நேராகக் கோலுக்கு அடிக்கலாம். அந்த ஆபத்து இருந்தால்தான் கற்றுக்கொள்வார்கள். தடுமாறினால் ஸ்ட்ரைக்கரை ஒருவராகக் குறையுங்கள்.

கேள்வி: எங்கள் சென்டர் பேக்குகள் தங்களுக்குள்ளேயே பாஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்னேற்றமே இல்லை.

பதில்: எதிரணி ஆள் நெருங்காதபோது பாஸ் எதற்கு? பந்தோடு முன்னால் நடக்கச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் தடுக்க வந்தே ஆகவேண்டும். வருகிறவர் யாரை விட்டுவிட்டு வருகிறாரோ, அந்த நம் ஆள்தான் இப்போது தடுக்க ஆளில்லாமல் நிற்கிறார். பாஸ் அங்கே போகவேண்டும். பின்னாலிருந்து ஆடுவதன் உயிர் இதுதான். இது புரியாமல் பாஸ் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை.

கேள்வி: கோல் கிக்கின்போது (எதிரணி அடித்துக் கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தை நாம் மீண்டும் உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது) நம் டிஃபெண்டர் பாக்ஸுக்குள், அதாவது நம் பெனால்டி பகுதிக்குள் நிற்கலாமா?

பதில்: 2019 விதிமாற்றத்திலிருந்து தாராளமாக நிற்கலாம். பந்து உதைபட்டு நகரும்வரை எதிரணி வெளியேதான் நிற்கவேண்டும்.

கேள்வி: அப்படியானால் லாங் பாலே கூடாதா?

பதில்: யார் சொன்னது? எதிரணி நான்கைந்து பேரை உங்கள் பாக்ஸ் வரை ஏற்றி நெருக்கினால், பின்னால் பெரிய இடம் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். 2018 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டி கீப்பர் எடர்சன் நீளமாக அடித்த பந்தில்தான் அகுவேரோ கோல் போட்டார். பாஸ் ஆட்டத்துக்குப் பேர்போன கோச் கார்டியோலாவின் அணியே அதைச் செய்தது. கோல் கிக்கிலிருந்து நேராக வாங்குபவருக்கு ஆஃப்சைடும் கிடையாது. பார்த்து அடித்த நீளப் பந்தும் பாஸ்தான். பையனிடம் “ஏன் அடித்தாய்?” என்று கேளுங்கள், காரணம் சொன்னால் பாராட்டுங்கள்.

கேள்வி: பந்தை இழந்து கோல் வாங்கினால் பெற்றோர் கத்துகிறார்கள்.

பதில்: சீசன் தொடங்கும் முன்பே அவர்களை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். இப்படிச் சில கோல்கள் வாங்குவோம், அதற்குப் பொறுப்பு கோச்சான நான், பையன் இல்லை என்று. கோல் விழுந்த அடுத்த நிமிடம் நீங்கள் மைதான ஓரத்திலிருந்து “தூக்கி அடி” என்று கத்தினால், மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது போச்சு.

கேள்வி: எங்கள் மைதானம் மேடும் பள்ளமுமாக இருக்கிறதே?

பதில்: சொந்தக் கோலுக்கு முன்னால் குறுக்கே போகும் பாஸை மட்டும் தவிருங்கள். பந்து எகிறினால் அங்கே காப்பாற்ற ஆளில்லை. கீப்பர் வழியாகச் சுற்றியே பக்கம் மாற்றுங்கள், பாஸைக் கொஞ்சம் அழுத்தமாகப் போடுங்கள். மற்றபடி பயிற்சியில் எதையும் மாற்ற வேண்டாம்.