மிக்ஸியும் மீடியம் வேவும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஃபில்டர் காபி, ஜன்னலோரம் என் பழைய டிரான்சிஸ்டர். இதைவிட வேறு சுகம் எனக்கு வேண்டாம். என் மனைவியோ, "பிடித்த பாட்டை மட்டும் போனில் கேட்கலாமே, இந்தக் கரகர எதற்கு?" என்கிறார். நீங்கள் யார் பக்கம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: யார் பக்கம் என்பது அப்புறம். முதலில் அந்தக் கரகரவைக் கவனிப்போம், அதற்கு மருந்து இருக்கிறது.

அது பெரும்பாலும் நிலையத்திலிருந்து வருவதில்லை, உங்கள் வீட்டிலேயே பிறக்கிறது. மிக்ஸி ஓடும்போது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் சின்னச் சின்னப் பொறி பறக்கும். மீடியம் வேவில் குரலும் பாட்டும் அலையின் ஏற்ற இறக்கமாக வருகின்றன. பொறியும் அதே ஏற்ற இறக்கத்தில் போய்க் கலந்துவிடும். எஃப்.எம். முறை வேறு, அங்கே இந்தத் தொல்லை குறைவு. மலிவான எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும்கூட இதே வேலையைச் செய்யும். ஆகவே ஞாயிறன்று சட்னியைச் சீக்கிரமே அரைத்துவிடுங்கள். நீங்களே அரையுங்கள், அவர் காபி குடிக்கட்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு டிரான்சிஸ்டரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது, மீடியம் வேவுக்கு அதுதான் ஆன்டெனா. அது நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக நின்றால் நன்றாக வாங்கும். 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே, தெளிவாகவே கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் நம் கடலோர ஊர்களில் சொந்த நாட்டு நிலையத்தைவிட இலங்கை வானொலி கணீரென்று கேட்டது. காரணம் உப்புத் தண்ணீர். மீடியம் வேவ் அலை தரையை ஒட்டிப் போகும்போது வறண்ட மண் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதன்மேல் அலை வெகுதூரம் வலுவோடு வரும். ஆனால் அலை வந்தால் மட்டும் போதுமா? கேட்க ஆள் வேண்டுமே. அந்த ஆட்களை அனுப்பிவைத்தது நம் டெல்லி.

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. சாஸ்திரிய சங்கீதத்தை மக்கள் காதில் ஏற்ற வேண்டும் என்று அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டை ஏறக்குறைய ஒழித்தே விட்டார். சாஸ்திரிய சங்கீதத்தின்மேல் எனக்கும் காதல் உண்டு. ஆனாலும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருகிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி, சினிமாப் பாட்டும் போடும் விவித் பாரதி என்ற சேவையை அதே அகில இந்திய வானொலி தொடங்க வேண்டி வந்தது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை சுகத்துக்கு மூலம் அதுதான்.

கொழும்பில் பாட்டு மட்டுமா இருந்தது? மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், பாட்டுக்குச் சமமாக அந்தக் குரல்களைச் சொல்வார்கள். தமிழை அழுத்தம் திருத்தமாகப் பேசினார்கள். பாட்டைப் போடுமுன் படம் எது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று சொன்னார்கள். நம் வானொலியும் அந்த மரியாதையைக் காத்தது. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மாள் பெயரை ஊர் ஊராகத் தெரியவைத்தது.

இனி, உங்கள் மனைவி சொன்ன 'பிடித்த பாட்டு மட்டும்'. அவருக்குப் பிடித்த பத்துப் பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். அதில் பாதியாவது அவர் கேட்காமலே யாரோ போட்டுக் காதில் விழுந்ததாக இருக்கும். முன்பே பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் புதிதாக ஒன்று பிடிப்பது எப்போது? அடுத்து என்ன வரும் என்று தெரியாமல், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்தான் ரேடியோவின் சுகமே இருக்கிறது. அதனால் நான் உங்கள் பக்கம். போன் இருக்கட்டும், 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் அதே வானொலி கரகர இல்லாமல் அவருக்கும் கிடைக்கும்.

என் கோபமெல்லாம் தனியார் எஃப்.எம். நிலையங்கள்மேல்தான். அங்கே பல நிகழ்ச்சிகளில் நாயகன் பெயர் வருகிறது, இசையமைப்பாளர் பெயர் வருகிறது, பாட்டை எழுதியவன் பெயர் மட்டும் வருவதில்லை. பாடகர் பெயரே வராத நாளும் உண்டு. தொகுப்பாளர் தன் காலை டிபனைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுகிறார். நாலு பெயர் சொல்ல ஐந்து விநாடி போதும். வரிகளை வாயில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க முணுமுணுக்கிறோம், அதை எழுதியவர் யாரென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்வது அநியாயம். நேயர் அழைப்பில் அடுத்த முறை உங்களுக்கு லைன் கிடைத்தால், பாட்டுக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.