பழைய டிஸ்னி படங்களைப் பிள்ளைக்குக் காட்டலாமா? எந்தக் காட்சியில் என்ன சிக்கல்?

கேள்வி: சின்ன வயதில் ரசித்த டம்போ, பீட்டர் பான் போன்ற கார்ட்டூன் படங்களில் இனவெறி இருக்கிறது என்கிறார்களே, ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா? அந்தக் காட்சிகளை மட்டும் வேகமாக ஓட்டித் தாண்டிவிட்டால் போதுமா?

தாராளமாகக் காட்டலாம். ஆனால் ஓட்டிவிடுவது எல்லாப் படத்துக்கும் சரிவராது. சில படங்களில் சிக்கல் ஒரு நிமிடத்தில் வந்து போய்விடும், சிலவற்றில் கதையோடு பின்னிக் கிடக்கும்.

டம்போ (1941) வெறும் 64 நிமிடம். எல்லோரும் குறை சொல்வது கடைசிப் பகுதியில் வரும் காகங்களை. கறுப்பினத்தவரின் பேச்சைக் கேலியாக்கிய பேச்சு அவற்றுக்கு. தலைமைக் காகத்துக்குத் தயாரிப்பின்போது வைத்த பெயர் ஜிம் குரோ. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய கேலிப் பாத்திரத்தின் பெயர் அது. பிறகு அமெரிக்கத் தென் மாநிலங்களின் இனப் பிரிவினைச் சட்டங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. படம் வந்தபோது அந்தச் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. அந்தக் காகத்துக்குக் குரல் கொடுத்த கிளிஃப் எட்வர்ட்ஸ் வெள்ளையர். மற்றக் காகங்களுக்குக் குரல் தந்தவர்களில் ஹால் ஜான்சன் பாடகர் குழுவின் கறுப்பினக் கலைஞர்கள் உண்டு. ஆனால் யானைக்குட்டி டம்போவின் துயரத்தைக் கேட்டு மனமிரங்கி அதைப் பறக்க வைப்பதும் இதே காகங்கள்தான். அவற்றை ஓட்டிவிட்டால் படமே இல்லை.

என்னைக் கேட்டால், காகங்களைவிடக் கசப்பானது சர்க்கஸ் கூடாரம் கட்டும் காட்சி. இரவு, மழை கொட்டுகிறது. யானைகளும் கறுப்பினக் கூலியாட்களும் சேர்ந்து முளை அடித்துக் கயிறு இழுக்கிறார்கள். யானைகளுக்கு முகம் இருக்கிறது. ஆட்களுக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் வரையப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, சம்பளம் வந்தால் வீசி எறிந்துவிடுவோம், ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறோம் என்று அவர்களையே பாட வைத்திருக்கிறார்கள். அங்கே படத்தை நிறுத்தி, "யாருக்கு முகம் இருக்கு, யாருக்கு இல்ல?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏழு வயதுக்கு அது போதும். பிரசங்கம் தொடங்கினால் பிள்ளை எழுந்து போய்விடும்.

பீட்டர் பான் (1953) படத்தில் பூர்வகுடிகள் வரும் பகுதி நீளமானது. அவர்களின் தோல் ஏன் சிவப்பு என்று கேட்கும் பாட்டு ஒன்று உண்டு. உடைந்த ஆங்கிலம், ஒரே அச்சில் வார்த்த முகங்கள். இந்தப் பாட்டைத் தயங்காமல் ஓட்டிவிடலாம், கதை அறுந்து போகாது. 'செவ்விந்தியர்' என்ற சொல் தமிழில் வரும் வன்மேற்குக் காமிக்ஸ்களிலும் அப்படியே இருப்பதால், பிள்ளையிடம் பேசும்போது 'அமெரிக்கப் பூர்வகுடி மக்கள்' என்று சொல்லிப் பழக்குங்கள்.

லேடி அண்ட் த டிராம்ப் (1955) படத்தின் சயாமியப் பூனைகளும், அரிஸ்டோகேட்ஸ் (1970) படத்தில் சாப்ஸ்டிக்கால் பியானோ வாசிக்கும் பூனையும் ஒரே வகை: சாய்ந்த கண், துருத்திய பல், கொச்சை ஆங்கிலம். டப்பிங்கில் பார்த்தால் உச்சரிப்புக் கேலி மறைந்துவிடலாம், வரைந்தது மறையாது. அதனால் "தமிழில்தானே பார்க்கிறான்" என்று விட்டுவிடாதீர்கள்.

நிறுவனமே வெட்டிய படங்களும் உண்டு. ஃபேண்டசியாவில் (1940) பாதிப் பெண், பாதிக் குதிரையான ஒரு வெள்ளைப் பாத்திரத்தின் குளம்பைத் துடைக்கும் கறுப்புப் பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். 1969 மறுவெளியீட்டில் அவளை நீக்கினார்கள். கதைக்கு நட்டமில்லை, ஆனால் அப்படி ஒன்றை வரைந்தார்கள் என்பதும் பார்வையாளருக்குத் தெரியாமல் போனது. அலாதீனில் (1992), முகம் பிடிக்காவிட்டால் காதை அறுப்பார்கள் என்ற தொடக்கப் பாட்டின் வரியை, அரபு அமெரிக்கர்கள் எதிர்த்ததால் 1993 வீடியோ வெளியீட்டுக்காக மாற்றினார்கள். அந்த ஊரைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் அடுத்த வரி அப்படியே இருந்தது. நாயகனும் நாயகியும் அமெரிக்கர்போல் பேசுவதும், காவலர்களும் கடைக்காரர்களும் மட்டும் அரபு வாடையில் பேசுவதும் மாறவில்லை. வரியை மாற்றலாம், இதை எப்படி வெட்டுவது?

டிஸ்னி பிளஸ் தளம் 2020இல் இத்தகைய படங்களுக்கு முன் 12 நொடி எச்சரிக்கை போட்டது. 2021இல் டம்போ, பீட்டர் பான், அரிஸ்டோகேட்ஸ் ஆகியவற்றை ஏழு வயதுக்குட்பட்டோர் கணக்கிலிருந்து எடுத்தது. எச்சரிக்கை வாசகம் எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று சொல்லாது. அதனால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்து, நிமிடங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். எங்கே ஓட்டுவது, எங்கே நிறுத்திக் கேட்பது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டைத் தேடினால் பிள்ளையின் கவனம் முழுக்க அந்தக் காட்சியில்தான் போய் நிற்கும்.