கேளுங்கள், சொல்கிறேன்: ரோபோவும் பால் பாக்கெட்டும்

வாசகி ஒருவர், கும்பகோணம்: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், "வீட்டு வேலைக்கு மனுஷ ரோபோ வந்தாச்சும்மா, 20,000 டாலர்தான், வாங்கி அனுப்பட்டுமா?" என்கிறான். எனக்கு 71 வயது, தனியாக இருக்கிறேன். நம்பலாமா?

அவர் சொல்வது அநேகமாக 'நியோ'வாக இருக்கும். ஒன்எக்ஸ் என்ற நிறுவனம் 2025 அக்டோபரில் அந்த விலைக்குத்தான் முன்பதிவு தொடங்கியது. அதில் ஒரு சங்கதி உண்டு. ரோபோவுக்குத் தெரியாத வேலை வந்தால், நிறுவனத்து ஆள் ஒருவர் எங்கிருந்தோ அதன் கேமரா வழியாக உங்கள் வீட்டைப் பார்த்தபடி அதை இயக்குவார். உங்கள் அனுமதியோடுதான், நிறுவனமே வெளிப்படையாகச் சொன்ன ஏற்பாடு இது. முகம் தெரியாத ஒருவரை அடுப்படிவரை விடச் சம்மதமா, யோசித்துக்கொள்ளுங்கள்.

கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் 26 வருடம் ரோபோ கைகளைப் பராமரித்தவன் நான். உதிரிபாகம் ஒரு விரற்கடை தள்ளி இருந்தால் போதும், வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் போகும் அந்தக் கை. உங்கள் கடிதம் வந்த அன்று, என் மனைவி பால் பாக்கெட் வெட்டுவதை முதல்முறையாக உட்கார்ந்து கவனித்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட் வேர்த்து வழுக்குகிறது. இடது கையின் இரண்டு விரல் மூலையை இறுக்க, மற்றவை அடியைத் தாங்குகின்றன. மூலை துண்டாக விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கே வெட்டு. பால் இறங்க இறங்கப் பிடி மாறுகிறது. கடைசியில் இரண்டு விரலால் வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் ஊற்றினாள். இத்தனையும் மின்கட்டணம் பற்றி என்னோடு சண்டை போட்டுக்கொண்டே! பாக்கெட்டை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தொட்டு உணரும் இந்த விரல்தான் இயந்திரத்துக்கு இன்னும் வசப்படவில்லை.

இப்போதைக்குக் குளியலறையில் இரண்டு கைப்பிடி போட்டுத் தரச் சொல்லுங்கள் அம்மா.

கல்லூரி மாணவர், கோவில்பட்டி: பெய்ஜிங்கில் ரோபோ மாரத்தானே ஓடிவிட்டது. நீங்கள் இன்னும் குறை சொல்கிறீர்களே?

அரை மாரத்தான், தம்பி. 2025 ஏப்ரல் 19-ல் 21 ரோபோக்கள் புறப்பட்டன, 6 ஓடி முடித்தன. முதலில் வந்த தியான்கோங் அல்ட்ராவுக்கு 2 மணி 40 நிமிடம் ஆனது. வழியில் மூன்று தடவை பேட்டரி மாற்றினார்கள், ஒருமுறை விழுந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை. 2015-ல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் டார்ப்பா என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு நடத்திய போட்டியில் ரோபோக்கள் கதவைத் திறக்கப் போய்ப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஜெயித்த கொரிய ரோபோ சமதரையில் மண்டியிட்டு, முழங்காலில் இருந்த சக்கரத்தில் உருண்டு தப்பித்தது. பத்து வருடத்தில் அங்கிருந்து ஓட்டப்பந்தயம் என்றால் பெரிய விஷயம்தான். கால் தேறிவிட்டது.

என் கவலை வேறு. ஒருநாள் புதுப் பையன் ஒருவனின் சட்டைக் கை ரோபோவில் மாட்டியது. நான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தேன். ரோபோவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது, பையன் பிழைத்தான். இரண்டு காலில் நிற்கும் இயந்திரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினால் அது நிற்காது, சாயும். பக்கத்தில் இருப்பவர் மேலேயே சாயலாம். அதனால்தான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிடங்கு ஒன்றில் 2024 முதல் பிளாஸ்டிக் தொட்டிகளைத் தூக்கி கன்வேயரில் வைக்கும் 'டிஜிட்' என்ற இரண்டு கால் ரோபோவைக்கூட ஆட்கள் நடமாடாத தனிப் பகுதியில் விட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரித் தொட்டி, ஒரே வேலை, நாள் முழுக்க. அது உருப்படியான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள்.

வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்: ரோபோவுக்கு எதற்கு மனித உருவம்?

படிக்கட்டு, கதவுப்பிடி, அலமாரி எல்லாம் நம் உடம்புக்கு அளவெடுத்துக் கட்டியவை, அதற்குள் புழங்க இந்த உருவமே தோது என்பார்கள். பாதி நியாயம். ஆனால் கோயம்புத்தூரிலிருந்தா இந்தக் கேள்வி? ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து ஆட்ட ஓர் இரும்புப் பெண்ணையா செய்தார்கள் உங்கள் ஊர்க்காரர்கள்? குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு, கல்லைச் சுற்றவிட்டார்கள்.