மறதிக்கு என்சைம் கேப்சூல்: வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சாவியை எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா என்று கொஞ்ச நாளாக மறந்துபோகிறார். தெரிந்த அக்கா ஒருவர், மூளை செல்களைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம் கேப்சூல் என்று ஒரு டப்பாவை 2,400 ரூபாய்க்குத் தருகிறார். மூன்று மாதத்தில் ஞாபகசக்தி திரும்புமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த அக்கா சொல்வதில் பாதி உண்மை, சிக்கலே அங்கேதான். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் 20 சதவீதம் போல அதற்கே போய்விடுகிறது. அவ்வளவு ஆக்சிஜன் புழங்கும் இடத்தில் செல்லை அரிக்கும் கழிவும் சேரும். அதை அடக்குவதைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற என்சைம் அதில் ஒரு வகையை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற வேறு இரண்டு என்சைம்கள் அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடும். (புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அது கேட்டலேஸின் கைவண்ணம்தான்.)

ஆனால் இந்த என்சைம்களை ஒவ்வொரு செல்லும் தானே தயாரித்துக்கொள்கிறது. என்சைம் என்பது புரதம். விழுங்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி செரித்துப் போகும். கொஞ்சம் தப்பித்தாலும், ரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்குள் போகாமல் தடுக்கும் வேலி ஒன்று இருக்கிறது. வயிற்றைத் தாண்டட்டும் என்று கோதுமைப் புரதத்தோடு சேர்த்து விற்பவர்களும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வேறு வம்பு.

சரி, என்சைம் இல்லாமல், ஆன்டிஆக்ஸிடன்ட் என்று விற்கும் வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது சேர்ந்தது என்றால்? அமெரிக்காவில் 7,500-க்கும் மேற்பட்ட வயதான ஆண்களிடம் இவற்றைச் சோதித்தார்கள். மறதிநோய் குறையவில்லை என்று 2017-இல் முடிவு வந்தது. அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக்கூட உண்டாக்கலாம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். அது தயாரிப்பாளருக்கு உரிமம் உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது, மறதி தீரும் என்று அல்ல. பக்கத்திலேயே, அநேகமாக இங்கிலீஷில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட்டிருக்க வேண்டும். சட்டப்படி இது உணவு, நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் பில்லையும் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பில் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அம்மாவை டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில தூக்க மாத்திரைகளும் சளி மாத்திரைகளும்கூட மறதியைத் தரும்.