60,000 ரூபாயில் முதல் கேமிங் கம்ப்யூட்டர்: இந்த லிஸ்ட் சரியா?

கேள்வி: அண்ணா, கரூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மானிட்டர், கீபோர்டு எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. கேம் விளையாட, கொஞ்சம் வீடியோ எடிட் பண்ண, 60,000 ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். யூடியூப் பார்த்து நானே போட்ட லிஸ்ட் இது: ரைசன் 5 5600 ப்ராசஸர், எச்610 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் ஒரே ஸ்டிக், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸோடு (பவர் சப்ளை) வரும் கேபினெட், தனியாக ஒரு ஆர்ஜிபி கூலர். வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்க தம்பி. இதை அப்படியே ஆர்டர் போட்டால் ப்ராசஸரைப் போர்டில் உட்காரவைக்கவே முடியாது. ரைசன் 5 5600 ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கானது, எச்610 இன்டெல் ப்ராசஸருக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டு. இரண்டும் நல்ல பொருள்தான், ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது. ராமும் அப்படித்தான், ஏஎம்4 போர்டு எதிலும் டிடிஆர்5 போகாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான் என்றாலும் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், அழுத்திப் போட்டால் ஸ்லாட்தான் உடையும்.

ப்ராசஸரை மாற்ற வேண்டாம். 6 கோர், 12 த்ரெட், 65 வாட்ஸ், இந்த பட்ஜெட்டுக்கு அதுவே போதும். போர்டை மட்டும் பி450 அல்லது பி550 என்று மாற்றுங்கள். பி450 பழைய ஸ்டாக்காக இருந்தால் உள்ளே இருக்கும் பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) 5000 சீரிஸை அடையாளம் தெரியாமல் திரையே வராமல் நிற்கும், அதனால் கடையிலேயே பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள், ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் பேசாமல் பி550 போய்விடுங்கள். ராம் டிடிஆர்4 3200, ஒரே 16 ஜிபிக்குப் பதிலாக 8 ஜிபி இரண்டு. இரண்டு ஸ்டிக் போட்டால்தான் டூயல் சேனலில், அதாவது இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும்படி ஓடும், கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2400லோ 2666லோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பலருக்கு இது வருஷக்கணக்கில் தெரிவதே இல்லை.

கூலரை எடுத்துவிடுங்கள். பாக்ஸாக வரும் 5600க்குள்ளேயே ஒரு கூலர் இருக்கிறது. ஆனால் கடையில் "ட்ரே" ப்ராசஸர் என்று விலை குறைத்துச் சொன்னால் அதில் பெட்டியும் கிடையாது, கூலரும் கிடையாது, வாரண்டி யார் தருவார்கள் என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கார்டு விஷயத்தில் கவனம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று இருக்கிறது. 2024ல் வந்த 6 ஜிபி மாடலில் குறைந்தது மெமரி மட்டும் இல்லை, கோர்களும் 2560லிருந்து 2304 ஆகக் குறைந்திருக்கின்றன. பெட்டியில் இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை, விலை குறைவு என்று எடுத்துவிடுகிறோம். கூலரில் மிச்சமான பணத்தையும் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிடைக்கிறதா பாருங்கள், 1080பியில் அது 3050ன் இரண்டு மாடலையும்விட நன்றாகவே வேகம். பிளெண்டர் மாதிரி 3டி வேலை அதிகம் என்றால் மட்டும் ஆர்டிஎக்ஸ் கார்டு செய்யும் என்விடியா பக்கம் போவதில் அர்த்தம் இருக்கிறது.

இனி எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சும்மா வரும் 450 வாட்ஸை நம்பவே நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12வி என்ற கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த லைனில்தான். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட்ஸ்; மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் ப்ராசஸருக்கும் கார்டுக்கும் பயன்படுவது இதுதான். ஆர்எக்ஸ் 6600 ஒன்றே 132 வாட்ஸ் இழுக்கும், ப்ராசஸர் 75 பக்கம், போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 250ஐ எளிதாகத் தொடும். நல்ல கம்பெனியின் 550 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான தரச் சான்று), கார்டுக்கான 6+2 பின் (8 பின்) கேபிள் அதிலேயே இருப்பதாக வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் கேபிளிலிருந்து 8 பின் மாற்றும் கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், ஒரு சாட்டா கனெக்டர் தாங்குவது 54 வாட்ஸ்தான், உருகிப் போகும். கேபினெட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டதாக எடுங்கள், கரூர் வெயிலுக்கு அதுதான் சரி.

எல்லாம் மாட்டிய பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள். 5600ல் டிஸ்ப்ளே வசதி கிடையாது, போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் செருகினால் எதுவும் வராது.

கேள்வி: என் மகன் வேலரண்ட் விளையாடக் கம்ப்யூட்டர் கேட்கிறான். "ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" என்று 24,000 ரூபாய்க்கு ஒரு கடையில் சொல்கிறார்கள். ஐ7 என்றால் நல்லது என்கிறானே? மதுரையிலிருந்து ஒரு அம்மா.

பதில்: அம்மா, ஐ7 என்பது பாதிப் பெயர்தான். எந்த ஜெனரேஷன் என்று கேளுங்கள். இந்த விலைக்குப் பெரும்பாலும் ஐ7 2600 அல்லது 4770 ஆக இருக்கும், முன்னது 2011, பின்னது 2013. ராம் டிடிஆர்3. கார்டு அனேகமாக ஜிடி 730, அதில் 4 ஜிபி இருந்தாலும் வேகம் இருக்காது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, இந்த ப்ராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது, எப்படியாவது ஏற்றிக் கொடுத்தாலும் விண்டோஸ் 11ல் வேலரண்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாமல் ஓடாது. அதாவது எந்த விளையாட்டுக்காக வாங்குகிறீர்களோ அதுவே திறக்காமல் போகலாம்.

இன்னும் கொஞ்சம் சேர்த்து ரைசன் 5 5600ஜி, ஏஎம்4 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு என்று புதிதாகப் போடுங்கள். கார்டே வேண்டாம், 5600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸிலேயே வேலரண்ட் நன்றாக ஓடும். ராம் இரண்டு ஸ்டிக்காக இருப்பது இங்கே ரொம்ப முக்கியம், உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் தன் மெமரியாக எடுத்துக்கொள்கிறது. எஸ்எம்பிஎஸ் மட்டும் இப்போதே நல்லதாக வாங்கிவிட்டால் பின்னால் கார்டு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ரொம்பவே ஏறியிருக்கிறது, அதனால் இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள்.

கேள்வி: புது கேமிங் பிசியை 600விஏ யுபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் கேம் நடுவில் மொத்தமாக ஆஃப் ஆகிறது.

பதில்: 600விஏ என்றால் வழக்கமாக 360 வாட்ஸ்தான். மானிட்டரையும் சேர்த்தால் கேம் ஓடும்போது அந்த எல்லையை ஒட்டி வந்துவிடுகிறது. 1000விஏ, 600 வாட்ஸ் எடுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் வசதி) உள்ள எஸ்எம்பிஎஸ் ஆக இருந்தால் அதோடு ஒத்துப்போகும் யுபிஎஸ்ஸா என்று கேட்டு வாங்குங்கள், சில மலிவு யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும் நேரத்தில் ஒத்துழைக்காது. கேமைத் தொடர்வதற்கு இல்லை, சேவ் செய்து ஆஃப் பண்ணுவதற்குத்தான் யுபிஎஸ்.

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து சென்னை வந்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாம் என்றிருக்கிறேன். பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ப்ராசஸர், கார்டு எல்லாம் மூன்று வருஷ வாரண்டியோடு வருபவை, சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான். ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும், கையால் எழுதிய எஸ்டிமேட் பில் ஆகாது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டதால் அது மாறிவிடாது. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்து பாருங்கள், பல கடைகள் அந்த நிலையிலேயே இறங்கி வருவார்கள். பெட்டிகளைப் பிரிக்கும்போது சீல், சீரியல் நம்பர் தெரிய வீடியோ எடுத்து, வாரண்டி முடியும்வரை பெட்டியோடு சேர்த்து வைத்திருங்கள்.