பதில்: காப்பாவின் ஓமாஹா கடற்கரைப் படங்கள் உருகிப்போனவையா?

போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா, 1944 ஜூன் 6இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியின் ஓமாஹா கடற்கரையில் இறங்கியபோது எடுத்த படங்களைப் பற்றிய கட்டுரையில் "உலர்த்தும் அலமாரிச் சூட்டில் நெகட்டிவ் உருகியது, 11 படமே மிஞ்சின" என்று உறுதியாக எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதீர்கள். அது லைஃப் இதழின் லண்டன் பட ஆசிரியர் ஜான் மோரிஸ் சொன்னது, 2014இல் புகைப்பட விமர்சகர் ஏ.டி. கோல்மனின் குழு அதை மறுத்தது. பிறகு மோரிஸே, உருகியதாகச் சொன்ன ஃபிலிம் சுருள்களில் படமே பதிவாகாமல் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

ஓரம் வெட்டாத படப் பிரதியைப் பாருங்கள். ஃபிலிமில் படம் பதியும் ஜெலட்டின் பூச்சு உருகினால் கோடுகள் வழியும், கொப்புளம் எழும், வலைபோல் சுருங்கும். இங்கே தெரிவது கை அசைவின் மங்கல்தான். படம் ஃபிலிம் ஓரத்துத் துளை வரிசைக்குள் ஏறியிருப்பதும் சூட்டால் அல்ல. கான்டாக்ஸ் கேமராவில் ஃபிலிம் சரியாக அமராததால் என்பதே கோல்மன் குழுவின் விளக்கம், எனக்கும் அதுவே பொருத்தம். உருகிய கதையை "மோரிஸ் கூற்றுப்படி" என்று மட்டும் எழுதுங்கள்.